ராகமாலா: தமிழில் எப்படிச் சொல்வது?

ஓர் ஓவியக் கண்காட்சியின் தமிழ் அழைப்பிதழில் 'ராஜஸ்தான் ராகமாலிகை ஓவியங்கள்' என்று அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, கச்சேரியும் உண்டு போலும் என்று எண்ணி, வயலின் கற்கும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரை அங்கே பார்த்தேன். பிழை அவருடையதன்று. ராகமாலிகை என்றால் பல ராகங்களில் அடுத்தடுத்து அமைந்த ஒரே உருப்படி என்பதுதான் கருநாடக இசை கேட்டுப் பழகியவர்கள் அறிந்த பொருள். முத்துசுவாமி தீட்சிதர் 14 ராகங்களில் அமைத்த சதுர்தச ராகமாலிகையும், மகா வைத்தியநாதையர் 72 மேளங்களையும் (தாய் ராகங்களையும்) கோத்த மேளராகமாலிகையும் அந்தப் பொருளில் வழங்குபவை. அழைப்பிதழ் குறிக்க வந்ததோ வேறு: ராகங்களை ஆணும் பெண்ணுமாக உருவகித்து, ராகத்துக்கு ஓர் ஏடு என்று தீட்டித் தொகுத்த ஓவியத் தொகுதி. அதற்கு வடக்கே வழங்கும் பெயர் ராகமாலா.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால், இசைக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு அதன் முதற்பாதியிலேயே கிடக்கிறது. 'ராகம்' என்பது சாயமேறுதல், சிவத்தல் என்னும் பொருளுடைய 'ரஞ்ஜ்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. துணி சாயத்தில் தோய்வது போல மனம் ஒன்றில் தோய்வது என்று அப்பொருள் விரிந்து, பற்று, விருப்பம், இன்பம் என்றெல்லாம் ஆகியது. மதங்கரின் பிருகத்தேசி என்னும் பழைய வடமொழி இசைநூல், மக்களின் உள்ளத்தை இன்புறச் செய்யும் ஒலியமைப்பை ராகம் என்று வரையறுக்கும்போது கையாளும் வினையும் இந்த வேரிலிருந்து பிறந்ததே. ஆகவே ராகத்துக்கு நிறம் பூசியவன் ஓவியன் அல்லன். நிறம் சொல்லிலேயே இருந்தது.

தமிழில் இச்சொல் 'அராகம்' என்று உருமாறிப் பழைய நூல்களில் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் அது உயிருக்குப் பற்றை விளைக்கும் தத்துவம். யாப்பில் அது கலிப்பாவின் ஒரு வகையான வண்ணக ஒத்தாழிசைக் கலிப்பாவுக்கு உரிய, முடுகிச் செல்லும் ஓர் உறுப்பு. அந்த உறுப்புக்கு 'வண்ணகம்' என்றே மறுபெயர் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அராகமும் வண்ணமும் யாப்பிலக்கணத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயராக நிற்கின்றன. வண்ணம் என்ற சொல்லும் நிறத்தோடு நின்றுவிடவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டின் ஓசை நடையை 20 வண்ணங்களாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்றான சித்திர வண்ணம், நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் ஒத்துக் கலந்து வருவது. கண்ணுக்குரிய சொல்லைக் காதுக்குக் கொடுப்பது நம்மிடமும் பழைய வழக்கம்தான்.

பிற்பாதியான 'மாலா' நமக்குப் புதிதன்று. நான்மணிமாலை, இரட்டைமணிமாலை என்று செய்யுள்களைத் தொடுத்து நூலாக்கியவர்கள் நாம். 'மாலிகை' என்பதற்கும் மாலை என்றே பொருளாதலால், அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு ராகமாலாவும் ராகமாலிகையும் ஒன்றாகத் தோன்றுவதில் வியப்பில்லை. வழக்கு அவற்றைப் பிரித்துவிட்டது.

இனி, பெயர் குறிக்கும் பொருளைப் பார்ப்போம். பைரவ், மால்கோஸ், ஹிந்தோள், தீபக், ஸ்ரீ, மேக் என்று ஆறு ராகங்களைத் தலைவர்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ராகினிகளை மனைவியராகச் சேர்த்து, 36 ஏடுகளில் ஒரு தொகுதியை முடிப்பது பெருவழக்கு. 1570ஆம் ஆண்டில் க்ஷேமகர்ணர் எழுதிய ராகமாலா என்ற வடமொழி நூல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுப் புதல்வர்களையும் சேர்த்து எண்ணிக்கையை 84 ஆக்கியது. இமயத்தின் அடிவாரத்துப் பஹாரி ஓவியர்கள் இந்த விரிந்த குடும்பத்தைப் பின்பற்றினார்கள். 1591இல் காசிக்கு அருகிலுள்ள சுனாரில் தீட்டப்பட்டதும், 1605இல் ராஜஸ்தானத்து மேவார் நாட்டின் சாவண்டில் நஸீருத்தீன் தீட்டியதும், 1628இல் அதே மேவாரில் சாஹிப்தீன் தீட்டியதும் பேர்பெற்ற தொகுதிகள்.

தோடி ராகினியின் ஏட்டை எடுத்துக்கொள்வோம். காட்டிலோ புல்வெளியிலோ ஓர் இளம்பெண் தனியே நிற்கிறாள். தோளில் சாய்த்திருப்பது நாம் மடியில் வைத்து வாசிக்கும் வீணை அன்று. தண்டின் இருபுறமும் சுரைக்குடுக்கை பூட்டிய வடநாட்டு வீணை. அவளைச் சுற்றி மான்கள், மேய்வதை மறந்து கழுத்தை நீட்டி நிற்கின்றன. பல ஏடுகளில் படத்தின் தலைமாட்டில் மஞ்சள் பட்டை ஒன்றிருக்கும். அதில் அந்த ராகினியின் உருவத்தை வருணிக்கும் வடமொழிச் சுலோகமோ இந்தியின் கிளையான வ்ரஜ மொழிப் பாட்டோ எழுதப்பட்டிருக்கும். முன்பு பாடலும் பின்பு படமும் என்பதே இங்கே முறை: ராகத்தைக் கவிஞன் பெண்ணாக்கினான், கவிஞனின் பெண்ணை ஓவியன் தீட்டினான். இசையைக் கேட்டு வரைந்த படம் என்று சுருக்கமாகச் சொல்லும் விளக்கங்கள் நடுவில் நிற்கும் இலக்கியத்தை விட்டுவிடுகின்றன.

இதை மறந்தால் நமக்கு வேறொரு குழப்பமும் நேரும். இன்றைய இந்துஸ்தானித் தோடி நம்முடைய தோடி அன்று. அதன் சுரங்கள் நம் சுபபந்துவராளியினுடையவை. நம் தோடியின் சுரங்களோ அங்கே பைரவி என்ற பெயரில் இருக்கின்றன. ஹிந்தோள் ஏட்டில் தலைவன் ஊஞ்சலாடுகிறான், அச்சொல்லுக்கு ஊஞ்சல் என்பதே பொருளாதலால். ஆனால் நாம் ஹிந்தோளம் என்று பாடுவது அவர்களுடைய மால்கோஸ். அதற்கான ஏட்டில் ஊஞ்சல் இல்லை, இருக்கையில் அமர்ந்த தலைவன் இருக்கிறான். படத்தைப் பார்த்தபடி மனத்துக்குள் நம் ராகத்தை ஓடவிடுகிறவர் படத்தோடு பாட்டு ஒட்டவில்லையே என்று திகைப்பார்.

தமிழாக்கத்துக்கு வருவோம். 'இசையோவியம்' அழகாக இருந்தாலும் நல்ல பாட்டைப் புகழ்வதற்கே அது தேய்ந்துபோய்விட்டது. 'பண்மாலை' என்பதைத் தனித்தமிழ் அன்பர்கள் முன்வைப்பார்கள். பண்ணப்படுவதால் பண் என்பது உரையாசிரியர்களின் விளக்கம். ராகம் என்பதற்கு நிகராக அதை ஆள்வதில் பொதுவாகத் தடையில்லை. ஆயினும் பண் என்றவுடன் நமக்கு நினைவு வருவது தேவாரத்தின் காந்தாரமும் கௌசிகமும். அந்தப் பண்களுக்கே இப்படிப் படம் தீட்டினார்கள் என்ற பொய்யான எண்ணத்தை இப்பெயர் கிளப்பிவிடும். ராகினியைத் 'திறம்' என்று பெயர்த்துச் சொல்வதும் இத்தகையதே. பெரும்பண்ணிலிருந்து திறங்கள் பிரிவதாகத் தமிழ் இசை நூலோர் வகுத்தாலும், அங்கே கணவன் மனைவி என்ற உறவு இல்லை. ஓவியனுக்கு வேண்டியதோ அந்த உறவுதான்.

ஆகவே இந்த வடநாட்டு, தக்காண மரபைக் குறிக்க 'ராகமாலை ஓவியம்' என்று ஓவியத்தையும் விடாமல் சேர்த்து எழுதுவதே தக்கது என்பது என் கருத்து. தனி ஏட்டின் கீழ் 'தோடி ராகினி, ராகமாலை ஓவியம், மேவார்' என்று குறித்தால் போதும். இசையிலிருந்தும் பாடலிலிருந்தும் பிறக்கும் எந்தக் காலத்துப் படத்தையும் பொதுவாகக் குறிக்க ஒரு சொல் வேண்டுமானால், அதற்குப் 'பண்ணோவியம்' இருக்கிறது. ராகமாலிகையைப் பாடகர்களிடமே விட்டுவிடலாம்.