வெள்ளம் வடிந்த பிறகு வரும் சம்மன்

கடலூர், விழுப்புரம் பக்கத்து நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்துகிறவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும், அதுவரை போலீஸ் ஸ்டேஷன் வாசலையே மிதிக்காத சிலர் கையில் சம்மனோடு வருவார்கள். "ஊரே செஞ்சுது சார், எங்க மேல மட்டும் கேஸ் போட்டுட்டாங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஊரே செய்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் எஃப்.ஐ.ஆரில் ஊருக்குப் பெயர் கிடையாது, ஆளுக்குத்தான் பெயர் உண்டு. புயல், வெள்ள நேரத்தில் சட்டம் கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்போதுதான் வழக்கமான சட்டங்களோடு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

எங்கள் வட்டாரத்தில் அதிகம் சிக்கலாவது கரையை வெட்டுவதுதான். ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழியும் தண்ணீர் போதாமல், ராத்திரியில் கரையோரத் தெருவுக்குள் முழங்கால் அளவு ஏறிவிடும். நாலு பேர் மண்வெட்டியோடு போவார்கள், ஒருவர் ஜேசிபியை வரவழைப்பார். கரையை வெட்டிவிட்டதும் இந்தத் தெரு தப்பிக்கும், அந்தப் பக்கத்து ஊரின் கதிர் பிடித்த நெல் மூழ்கும். மறுநாள் அந்த ஊர்க்காரர்களும் நீர்வளத்துறையும் புகார் கொடுப்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. வாய்க்கால், சாலை, பாலம், வடிகால் இவற்றைச் சேதப்படுத்தினாலும் வெள்ளம் பாயவைத்தாலும் 5 ஆண்டு வரை சிறை. பாய்ந்த தண்ணீரில் உயிர் போய்விட்டால் வழக்கின் தன்மையே மாறிவிடும். ஜேசிபியும் பறிமுதலாகும். வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறவர், அதை இடைக்காலமாகத் திரும்பப் பெற மனுப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைவார்.

அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பும் தருகிறது. பெரிய தீ பரவும்போது, உயிரையும் உடைமையையும் காக்கும் நல்லெண்ணத்தோடு ஒருவர் நடுவிலுள்ள வீடுகளை இடித்துத் தீயை நிறுத்தினால், ஆபத்து அவ்வளவு நெருங்கியிருந்ததென்றால், அது குற்றமாகாது என்று சட்டமே எடுத்துக்காட்டுச் சொல்கிறது. கரை வெட்டிய வழக்கிலும், தண்ணீர் வெளியேறப் பக்கத்து மனையின் காம்பவுண்டுச் சுவரை இடித்த வழக்கிலும் இந்தப் பிரிவைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் வேறு வழியே இல்லையா, யாருக்காவது தகவல் சொன்னீர்களா என்ற கேள்விகள் உடனே வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் பேசிய அழைப்பு, வி.ஏ.ஓ.வுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், நேரம் தெரியும்படி எடுத்த போட்டோ இவையெல்லாம் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஒரு அழைப்பைக்கூடக் காட்ட முடியாதவருக்காக வாதாடுவது மிகவும் கடினம்.

அடுத்தது, ஆற்றில் மிதந்து வரும் பொருட்கள். கேஸ் சிலிண்டர், பைக், பீரோ, ஆடு மாடு. "வெள்ளத்துல வந்தது, யாரோடதுன்னு தெரியாது" என்பார்கள். எடுத்து வைப்பதில் தப்பே இல்லை. சொந்தக்காரரிடம் சேர்ப்பதற்காகப் பத்திரப்படுத்தினால் சட்டமும் குறை சொல்லாது. உரியவரைக் கண்டுபிடிக்க முயலாமலே தனதாக்கிக்கொண்டால் சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவு வரும். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. பைக்கில் நம்பர் பிளேட் இருக்கிறது. ஸ்டேஷனில் ஒரு வரி எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த வீட்டுக்குள் போய் எடுத்தால் அது வீட்டுத் திருட்டு, 7 ஆண்டு வரை போகும்.

நிவாரணத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு 6,000 ரூபாய் கொடுத்ததைப் போன்ற தொகைகளும், இடிந்த வீட்டுக்கும் அழிந்த பயிருக்கும் தரும் இழப்பீடும் உண்மையில் பாதித்தவருக்கே போதாது. அதில் அடுத்தவர் குடிசையின் போட்டோவைத் தன் வீடென்று வைப்பதும், தரிசாகக் கிடந்த நிலத்தைச் சம்பா என்று எழுதுவதும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நல்ல மனதோடு ஜிபேயில் பணம் திரட்டும் இளைஞர்கள் அதே சட்டத்தின் 53-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடினால் அதே தண்டனை. சொந்தச் செலவுக் கணக்கில் வசூலைக் கலக்காதீர்கள், அரிசிக்கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

வதந்தியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2015 சென்னை வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, 250 சென்டிமீட்டர் மழை வருமென்று நாசா சொல்லிவிட்டது என்றெல்லாம் சுற்றவிட்டார்கள். 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல் திறந்தபோது, தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்கு உண்மையான ஒரு எச்சரிக்கை உயிருக்குச் சமம். அந்த நேரத்தில் பொய்த் தகவல் பத்து வந்தால் பதினொன்றாவதாக வரும் நிஜத்தை யார் நம்புவார்கள்? பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு பீதியைக் கிளப்பும் பொய் எச்சரிக்கையை உருவாக்கியவரோடு பரப்பியவரையும் சேர்த்தே சொல்கிறது. ஓராண்டு வரை சிறை. "ஃபார்வர்ட் பண்ணேன், அவ்வளவுதான்" என்பது பதிலாகாது.

கரண்ட் வராத கோபத்தில் மின்வாரிய ஊழியரைப் பிடித்துத் தள்ளுவது, தாசில்தார் ஜீப்பை மறித்து உடைப்பது ஆகியவற்றில் இளைஞர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் கம்பம் நட வந்தவர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள், மழையிலும் சேற்றிலும் நின்று வேலை பார்த்தவர்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கினால் ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. அரசு வாகனத்தை உடைத்தால் 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேரும். காவலர் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பையனுக்குச் சிறையைவிட, போலீஸ் வெரிஃபிகேஷனில் நிற்கும் அந்த வழக்கு எண்தான் பெரிய இடி.

வழக்குப் போட்டதெல்லாம் நிற்கும் என்றும் பயப்பட வேண்டாம். அரசு உத்தரவை மீறியதாகப் பழைய தண்டனைச் சட்டத்தின் 188, இப்போதைய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவில் வழக்கு என்றால், உரிய அதிகாரியின் எழுத்துபூர்வப் புகார் இல்லாமல் கோர்ட் அதை எடுக்க முடியாது. 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்ட வழக்குகளுக்கும் 60-ஆவது பிரிவில் இதுபோன்ற தடை உண்டு. கொரோனா ஊரடங்கு மீறல் வழக்குகளில் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாக 2021-இல் தமிழக அரசு அறிவித்தபோது, முறைகேடாக இ-பாஸ் (ஊரடங்கில் பயணிக்கும் அனுமதிச் சீட்டு) பெற்ற வழக்குகளையும், வன்முறை வழக்குகளையும், போலீஸாரைப் பணி செய்யவிடாமல் தடுத்த வழக்குகளையும் விடவில்லை.

சம்மன் வந்தால் ஒளியாதீர்கள், வாய்தாவுக்குப் போங்கள். வராவிட்டால் பிடிவாரண்ட் வரும். "அபராதம் கட்டிட்டா முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னதை நம்பி, வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது தண்டனையாகப் பதிவாகும். வக்கீல் வைக்கப் பணமில்லையென்றால் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணையத்தின் அலுவலகம் இருக்கும், 15100-இலும் கூப்பிடலாம்.