நொண்டாமல் நடந்து வந்தவர்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். பாம்பன் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய விசைப்படகுத் தொழிலாளி. யாரையும் பிடித்துக்கொள்ளாமல், நொண்டாமல் நடந்து வந்து உட்கார்ந்தார். "வலியெல்லாம் இல்ல சார், வீக்கந்தான் வடிய மாட்டேங்குது" என்றார். ஒரு மாதத்துக்கு முன் படகிலிருந்து இறங்கும்போது வலது கால் லேசாகப் பிசகியதாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி, இறுக்கிக் கட்டும் போட்டிருந்தார்கள்.

இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது பாதம் சாதாரணமாக இருந்தது, வலது பாதம் சுட்டது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் நடுப்பாத எலும்புகள் நொறுங்கி, பாதத்தின் வளைவே கீழே இறங்கியிருந்தது. அந்தக் காலோடு தடை தொடங்கும் வரை கடலுக்குப் போய் வலை இழுத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அவருக்கு சுகர்.

இதைச் சார்கோ பாதம் என்போம். நரம்பு கெட்டவர்களின் மூட்டு இப்படி நொறுங்குவதை 1868-ல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் சார்கோவின் பெயர் அது. சர்க்கரை நோயிலும் இது வரும் என்று 1936-ல்தான் எழுதினார்கள். நமக்குக் கால் பிசகினால் வலி நம்மை உட்கார வைத்துவிடும். நரம்பு மரத்தவருக்கு அந்தத் தடை கிடையாது. நடக்க நடக்க எலும்பு மேலும் உடையும், வீங்கும், சூடேறும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால்தான் சுளுக்கு, வாதம், உள்ளே சீழ் என்று பல பெயரில் இது கைமாறிக்கொண்டே இருக்கிறது. சுகர் உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காலை ஊன்றவே கூடாது. உருவிவிடவும் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் கரையில் மரத்த காலுக்கு ஆபத்து அதிகம். பாசி எடுக்கப் போகும் பெண்கள் காலில் துணி சுற்றிக்கொண்டு பவளப்பாறை மேல் நடக்கிறார்கள். கிழித்தது தெரியாமல் உப்புத் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் நிற்கிறார்கள். சித்திரை வெயிலில் மணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளத்தைப் பார்த்தவர்கள் உண்டு. திருக்கை முள் குத்தினால் சுடுதண்ணீரில் காலை வைப்பது நம் ஊர் வழக்கம். அது சரியான முதலுதவிதான், விஷத்தின் கடுப்பு தணியும். ஆனால் மரத்த கால் வெந்தாலும் தெரியாது. தண்ணீரின் சூட்டை சுகர் இல்லாத ஒருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். அப்புறம், கடலில் பட்ட காயத்தைச் சுற்றி ஒரே நாளில் சிவந்து, கறுத்த கொப்புளம் கிளம்பினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்தக் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும்.

கால் மரத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சுகர் உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ வேண்டாம். ஆறு இடத்தில் இரண்டு இடம் தெரியவில்லை என்றாலே உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பாதத்தோடு ஒட்டி அச்சு எடுத்தாற்போலப் போடும் மாவுக்கட்டுதான் சார்கோவுக்கு முதல் சிகிச்சை. 1930-களில் இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குப் போட்ட கட்டு இது. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் 1960-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். கடலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் தொடங்கிய வைத்தியம் என்று நோயாளிகளிடம் நான் சொல்வதுண்டு. வீக்கம் வடிய வடியக் கட்டு தளரும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு பாதத்தின் சூடும் ஒன்றாகும் வரை, பல மாதம், விடக்கூடாது.

அந்தப் பல மாதம்தான் பெரிய சிக்கல். தடைக்காலம் 61 நாள். ஜூன் 15 ஆனால் படகு இறங்கிவிடும். "பொழப்ப விட்டுட்டு எத்தன நாள் சார் கெடக்குறது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. காலை எடுத்துவிட்டால் படகே ஏற முடியாது என்று பயமுறுத்தவும் மனம் வரவில்லை. அவர் மனைவிதான், "நான் கருவாட்டுக்குப் போறேன், நீங்க கட்டப் போடுங்க" என்றார். ஐந்து மாதம் ஆனது. பாதம் பழைய வடிவத்துக்கு வரவில்லை, ஆனால் புண் இல்லாமல் நிலைத்துவிட்டது. இப்போது அளவெடுத்துத் தைத்த எம்.சி.ஆர் என்ற மெத்தென்ற ரப்பர் செருப்போடு கரையில் வலை பின்னுகிறார்.

போன மாதம் வந்தபோது அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிப்பித் துண்டை என் மேசையில் வைத்தார். ராத்திரி டார்ச் அடித்துக் கணவரின் காலைப் பார்த்தபோது விரலிடுக்கில் செருகியிருந்ததாம். அவருக்குத் தெரியவே இல்லை.