மைக்ரோலித் – நுண்கற்கருவி

கிரேக்க மொழியில் ‘மைக்ரோஸ்’ என்றால் சிறியது, ‘லித்தோஸ்’ என்றால் கல். இரண்டையும் சேர்த்து ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் கட்டிய சொல் மைக்ரோலித். தமிழில் பாடநூல்களும் அகழாய்வு அறிக்கைகளும் இதை நுண்கற்கருவி என்கின்றன. நுண் + கல் + கருவி; லகரம் றகரமாகத் திரிந்து நுண்கற்கருவி. குறுங்கற்கருவி, சிறுகற்கருவி என்று எழுதுவோரும் உண்டு.

‘நுண்’ என்ற அடைமீது ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று பழகிய காதுக்கு, கண்ணுக்கே தெரியாத பொருள் என்று படும். நுண்கற்கருவி அப்படியில்லை. பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. நீளம், உள்ளங்கையில் பத்துப் பதினைந்தைப் பரப்பிப் பார்க்கலாம். ஆனால் தமிழில் நுண்மைக்கு அளவு மட்டும் பொருளல்ல. நுண்வினை என்றால் தேர்ந்த கைவேலை. இந்தப் பொருளைப் பெருங்கருவிகளிலிருந்து பிரிப்பதும் அந்தக் கைவேலைதான். கோடரி செய்யும்போது தெறித்த துண்டும் 2 செ.மீ. இருக்கலாம், அது குறுங்கல்லே தவிர நுண்கற்கருவி ஆகாது. ஆகவே ‘நுண்’ இருக்கட்டும், ‘குறு’ வேண்டாம் என்பதே என் கட்சி.

செய்முறையைப் பார்த்தால் சொல்லின் எல்லை விளங்கும். முதலில் ஒரு சிறு கல்லை ஒரு பக்கம் தட்டித் தட்டையான முகம் எடுப்பார்கள். அந்த முகத்தின் ஓரத்தில் அடுத்தடுத்துத் தட்டினால், ஒன்றுக்கொன்று இணையான ஓரங்களுடன் மெல்லிய கீற்றுகள் உரிந்து வரும். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்காவது இருக்கும் இந்தக் கீற்றுக்கு நுண்ணலகு என்று பெயர் வைக்கலாம். நுண்ணலகின் ஒரு ஓரத்தை அப்படியே கூராக விட்டு, எதிர் ஓரத்தைச் சிறு சிறு தட்டலால் செங்குத்தாக மழுக்குவார்கள். முதுகு மழுக்குதல் என்ற இந்த வேலை முடிந்த பிறகுதான் அது கருவி. வளைவாக மழுக்கினால் பிறைவடிவம். அதுபோல முக்கோணம், சரிவகம். மழுங்கிய முதுகு, மரத்திலோ எலும்பிலோ வெட்டிய காடிக்குள் பிசின் வைத்துப் பதியும். வரிசையாகப் பதித்தால் கூர் ஓரங்கள் பனங்கருக்குபோல் வெளியே நிற்கும். ஒன்று உடைந்தால் அதைமட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருகினால் போதும். இடம் மாறிக்கொண்டே இருந்த வேட்டைக் கூட்டத்துக்கு அது பெரிய வசதி. எனவே நுண்கற்கருவி என்பது தனியாகக் கையில் பிடித்த கருவியாக இருந்தது குறைவு, இன்னொரு கருவியின் உறுப்பாக இருந்ததே மிகுதி. ‘கருவி’ என்ற ஈறு இதைச் சற்று மறைக்கத்தான் செய்கிறது. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை அதற்காக மாற்றத் தேவையில்லை.

கீற்று உரித்தபின் எஞ்சும் கல்லுக்குப் பாடநூல் தரும் சொல் கருக்கல். சேலத்து மாணவருக்கு இது இரட்டைத் தொல்லை. கருக்கலில் எழுந்து என்றால் இங்கே விடியுமுன் எழுந்து என்று பொருள். ஒரு எழுத்து மாறி அச்சானால் கருங்கல் ஆகிவிடும். சேர்வராயன் மலை முழுதும் கருங்கல்தானே! மூலக்கல் என்று எழுதினால் இரண்டு குழப்பமும் தீரும். தெறித்த கழிவுக்குச் சில்லு, செதில் இரண்டும் பொருந்தும்.

அந்தக் கருங்கல்லின் பெயர் சார்னோக்கைட். மணிமணியான படிகங்கள் இறுகிய பாறை. தட்டினால் பொருக்காக உடையுமே தவிர மெல்லிய கீற்றாக உரியாது. நுண்ணலகுக்கு வேண்டியது சிலிக்கா மிகுந்த கல்: செர்ட், கால்சிடோனி, அல்லது நம் பக்கம் வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ். பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் வெங்கச்சங்கல்லுக்கு உள்வெடிப்பு அதிகம். அதனால் கையில் பிடித்துத் தட்டாமல், அடியில் ஒரு பட்டடைக்கல் வைத்து மேலிருந்து அடித்துப் பிளப்பதும் உண்டு. அப்படிப் பிளந்த துண்டின் இரு முனையும் நசுங்கியிருக்கும். செர்ட்டில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே தெளிவாகத் தெரியும் புடைப்பு வெங்கச்சங்கல்லில் மங்கலாகவே இருக்கும். அதை மட்டும் தேடினால் உண்மையான கருவியையும் தள்ளிவிடுவோம். முதுகு மழுக்கலையும் நசுங்கிய முனையையும் பார்ப்பதே நம்பகமான வழி.

சேலத்தில் இன்னொரு வெள்ளைக் கல்லும் ஏமாற்றும். ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட், உடைந்த பரப்பில் மழமழவென்று கருவிபோலவே தோன்றும். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். மேக்னசைட்டில் கோடு விழும். வெங்கச்சங்கல்லில் விழாது, அது கண்ணாடியையே கீறும். ஜல்லி கொட்டிய சாலையோரம், வெடி வைத்த இடம், ரோட்டவேட்டர் ஓடிய காடு இவற்றிலும் கூர் ஓரமுள்ள சில்லுகள் கிடைக்கும். அவற்றின் உடைவு புதிது, நிறம் பளிச்சென்றிருக்கும். ஓரத்துச் சிதைவு ஒரு ஒழுங்கில் அமையாமல் இரு பக்கமும் மாறி மாறி வரும்.

அடுத்து, அதிகம் தவறாக எழுதப்படும் இடம்: நுண்கற்காலம். மைக்ரோலித் ஒரு கருவி வகையின் பெயர். மெசோலிதிக் ஒரு காலத்தின் பெயர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்ற பிரிவுக்கு 1865இல் ஜான் லபக் பெயர் வைத்தார். இடையில் மெசோலிதிக் என்ற சொல்லை 1866இல் ஹாடர் வெஸ்ட்ராப் நுழைத்தார். அதற்கு இடைக்கற்காலம் சரியான தமிழ். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, நுண்கற்கருவி கிடைத்தாலே இடைக்கற்காலம் என்று முடிவுகட்டுவது இந்தியாவில் நிற்காது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் சுமார் 35,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கிலேயே இவை இருக்கின்றன. இலங்கையின் ஃபா ஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கும் முன்பே வந்துவிட்டன. மறுபக்கம், புதிய கற்கால மக்களும் இவற்றைச் செய்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பகுதியில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் கிடைத்தவற்றை 1956இல் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் விரிவாக எழுதினார்கள். தமிழகத்தில் நுண்கற்கருவி என்றதும் நினைவுக்கு வருவது அந்தத் தேரிகள்தான்.

சேர்வராயன் மலை பேர்பெற்றது வேறொன்றுக்கு: தேய்த்து வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கோடரிகள். 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். மலைக்கோடரிகள் அவருடைய தொகுப்பிலும் உண்டு. கோடரி கைக்குப் பெரிதாக இருக்கும், கண்ணில் படும், எடுத்துவந்து சாமி கல்லோடு வைக்கத் தோன்றும். சில்லை யார் குனிந்து எடுப்பார்கள்?

அகழாய்விலும் இதே சிக்கல், வேறு உருவில். வேட்டையாடி உணவு திரட்டியோர் ஒரு மேட்டில் சில நாள் தங்கிக் கல் தட்டியிருந்தால், முடிந்த கருவி மிகச் சிலவாகவும் 1 செ.மீ.க்கும் குறைந்த பொடிச்சில்லு ஏராளமாகவும் கிடக்கும். தட்டிய இடத்திலேயே அவை கிடக்கின்றன என்பதற்குப் பொடிச்சில்லுதான் சாட்சி. நீர் அரித்துச் சேர்த்த குவியல் என்றால் பொடி அடித்துப்போய்ப் பெரிய துண்டுகள் மட்டும் தங்கும். இங்கே சல்லடை விளையாடும்: 5 மி.மீ. கண் சல்லடையை மட்டும் பயன்படுத்தினால் பொடியில் பெரும்பகுதி மண்ணோடு போய்விடும். உண்மையான தங்கிடம் ஏட்டில் அரிப்புக் குவியலாகப் பதிவாகும். 2 மி.மீ. கண்ணில் நீர் ஊற்றிச் சலிப்பதே முறை.

வேலையின் அளவையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்தில் 5 செ.மீ. இறங்கினால் 50 லிட்டர் மண். கொத்தியபின் உப்பி, 10 லிட்டர் வாளியில் ஆறு வாளி வரை வரும். சதுரத்தை நான்காகப் பிரித்துத் தனித்தனிப் பையில் போட்டால்தான் சில்லு எந்த மூலையில் செறிந்தது என்று தெரியும். செம்மண் கட்டிகள் சல்லடையில் கரையாது. சமையல் சோடா கரைத்த நீரில் இரவு முழுதும் ஊறப்போட்டால் இளகும். காலக்கணிப்புக்கு எடுக்கும் கரித்துண்டை இந்த நீரில் விடக்கூடாது. கை படாமல் கரணை நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும்.

மலைமேல் பாக்சைட் கலந்த, அமிலத் தன்மையுள்ள மண்ணில் எலும்பு தங்காது. எலும்பு இல்லை என்பதால் அங்கே யாரும் வேட்டை உண்ணவில்லை என்று எழுதிவிடக் கூடாது. கரையானும் கணக்கில் வரும்: நுண்மண்ணை அது மேலே கொண்டுவரக் கல் கீழே இறங்கும், பல காலத்துச் சில்லுகள் ஒரே கோட்டில் வந்து படிந்து ஒரே அடுக்குபோல் காட்டும். காப்பித் தோட்டத்துக்காகச் சரிவில் வெட்டிய படிநிலங்களிலோ மண்ணே இடம் மாறியது.

தோட்டத்தில் இப்படிச் சில்லு கண்டால் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் கைப்பேசியில் குறித்து, சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். தோண்டிப் பார்க்க உரிமம் வேண்டும்.