தலைமைப் பயிற்சியில் என்னியாகிராம்: எது வேலை செய்கிறது, எது செய்வதில்லை

ஓர் அணியின் தலைவர், தமக்குக் கீழே பணியாற்றுபவர்கள் அனுப்பும் அறிக்கைகளை எல்லாம் இரவு நெடுநேரம் விழித்திருந்து வரிக்கு வரி திருத்தி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையைப் பகிர்ந்து கொடுக்கப் பழகுங்கள் என்று அவரிடம் சொல்வதால் பெரிய பயன் இல்லை. அது அவருக்கே தெரியும். மனிதர்களை ஒன்பது ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் என்னியாகிராம் முறையைக் கையாளும் பயிற்றுநர் அறிவுரையை ஒதுக்கிவிட்டு, "நேற்றைய அறிக்கையைத் திருத்தாமல் அப்படியே அனுப்பியிருந்தால், அதில் எது உங்களால் தாங்க முடியாததாக இருந்திருக்கும்?" என்று கேட்பார். பிழை இருப்பது தெரிந்தும் அனுப்பினோமே என்ற உறுத்தல் என்று ஒருவர் சொல்லலாம். மேலிடத்தில் தம்மைப் பற்றிய மதிப்பு குறைந்துவிடும் என்று இன்னொருவர் சொல்லலாம். எங்கோ ஒரு சிக்கல் கிளம்பி நாளைக்குத் தலைக்கு மேல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாமவரின் கவலையாக இருக்கலாம். மூவரின் செயலும் ஒன்றே என்றாலும், என்னியாகிராம் முறைப்படி இவர்கள் முறையே முதல், மூன்றாம், ஆறாம் வகையினர். ஆகவே மூவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது பொருந்தாது.

மனிதர்களை நடத்தையால் பிரிக்காமல், அந்த நடத்தையைத் தூண்டும் விருப்பத்தாலும் அச்சத்தாலும் பிரிப்பதே இம்முறையின் அடிப்படை. சரியாக இருக்க வேண்டும், பிறருக்குத் தேவைப்பட வேண்டும், சாதிக்க வேண்டும், தனித்துத் தெரிய வேண்டும், அறிந்துகொண்டு ஒதுங்கியிருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், புதியவற்றைத் துய்க்க வேண்டும், யாருக்கும் அடங்காத வலிமையோடு இருக்க வேண்டும், பூசலின்றி இருக்க வேண்டும் என்னும் ஒன்பது உந்துதல்களில் ஒன்று ஒவ்வொருவரிடமும் மேலோங்கி நிற்கிறது என்பது இதன் கொள்கை. இது பண்டைய ஞானம் என்று விளம்பரப்படுத்தப்படுவது உண்டு. ஆனால் நாம் காணும் வடிவத்துக்கு வயது மிகக் குறைவு. ஒன்பது புள்ளி வரைபடத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்மிக ஆசிரியரான குர்ஜீஃப் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். எனினும் அவர் அதை ஆளுமை வகைகளோடு இணைக்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர் பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ. அவரிடம் 1970இல் சிலி நாட்டின் அரிக்கா நகரில் பயின்ற மனநல மருத்துவர் கிளாடியோ நாரன்ஹோ, அதற்கு உளவியல் வடிவம் தந்து அமெரிக்காவில் பரப்பினார்.

கோச்சிங்கில் இது எப்படிச் செயல்படுகிறது என்பதைக் கூட்ட அறையில் தெளிவாகப் பார்க்கலாம். எட்டாம் வகைத் தலைவர் ஒருவர், விவாதம் தொடங்கியதுமே தம் முடிவை உரத்துச் சொல்லிவிடுகிறார். எதிரே இருப்பவர்கள் வாயடைத்துப்போவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறார். பின்னர் வேலை நகராதபோது, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுகிறார். பயிற்றுநர் அவருக்குக் கொடுக்கும் பணி சிறியது: அடுத்த சில கூட்டங்களில் கடைசியாகப் பேச வேண்டும்; இடைமறிக்கத் துடிக்கும் கணத்தில் உடம்பில் எந்த இடம் இறுகுகிறது, மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பூசலை விரும்பாத ஒன்பதாம் வகைத் தலைவருக்கு இதே பயிற்சியைக் கொடுத்தால் கேடுதான் விளையும். "பார்க்கலாம்" என்று ஒத்திப்போடும் அவர், முடிவு சொல்லும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாளில் சொல்லிப் பழக வேண்டியவர்.

இதில் பலன் தருவது வகை எண்ணா, அல்லது கவனிக்கும் பயிற்சியா என்று கேட்டால், பெரும்பங்கு கவனிப்புக்கே உரியது என்பேன். தன்னிச்சையாக நிகழும் எதிர்வினையை அது எழும்போதே பார்த்துப் பதிவுசெய்வது, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் உளவியல் முறையான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையிலும் நெடுங்காலமாகப் பயன்படும் உத்தி. எழும் உணர்ச்சியைச் சொல்லால் அடையாளப்படுத்தும்போது மூளையில் அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி தணிவதை மூளைப் படிம ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எதைக் கவனிப்பது என்று தெரியாமல் திகைப்பவருக்கு என்னியாகிராம் ஒரு தொடக்கப் புள்ளியைக் கொடுக்கிறது.

அளவுகோல் என்ற முறையில் அதன் நிலை வேறு. 2021இல் வெளியான முறைசார் மீளாய்வு ஒன்று 104 மாதிரித் தொகுதிகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. நம்பகத்தன்மைக்கும் ஏற்புடைமைக்கும் கிடைத்த சான்றுகள் கலவையாகவே இருந்தன; விடைகள் எத்தனை தனித்தனிப் பண்புகளாகத் திரள்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுகள் பெரும்பாலும் ஒன்பதைவிடக் குறைவான காரணிகளையே கண்டன. ஒருவர் நெருக்கடியில் எந்த வகையை நோக்கிச் சரிவார் என்று கூறும், ஒன்பது புள்ளி வரைபடத்தின் கோடுகளுக்கான அடித்தளம் இன்னும் மெலிந்தது. அவற்றுள் ஆறு புள்ளிகளை இணைப்பவை 1, 4, 2, 8, 5, 7 என்ற வரிசையில் செல்கின்றன. ஒன்றை ஏழால் வகுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் மீண்டும் மீண்டும் வரும் இலக்கங்கள் இவை. கணக்கு அழகானதுதான், மனித மனம் ஏன் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை மட்டும் யாரும் விளக்கியதில்லை.

தன் வகையைப் பற்றிய விவரணையைப் படித்ததும் "என்னையே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது" என்று தோன்றுவதும் சான்றாகாது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியலாளர், தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனியே எழுதியதுபோல் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். அது தங்களுக்குப் பொருந்துவதாக அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அதனால்தான் கவனமுள்ள பயிற்றுநர்கள் வினாத்தாளின் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதில்லை. பொருந்தக்கூடிய இரண்டு மூன்று வகைகளை முன்வைத்து, அண்மையில் நடந்த நிகழ்ச்சிகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். எதுவும் பொருந்தவில்லை என்று பயிற்சி பெறுபவர் சொன்னால் அதையும் ஏற்கிறார்கள்.

ஆட்சேர்ப்புக்கும் பதவி உயர்வுக்கும் இதைப் பயன்படுத்துவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வேலை வேண்டி வந்தவர் எந்த விடை விரும்பப்படுகிறது என்று ஊகித்துக் குறிப்பது எளிது. அப்படியே உண்மையாக விடையளித்தாலும், ஒரு வகையைச் சேர்ந்தவர் மற்றொரு வகையினரைவிட நன்றாக வேலை செய்வார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பண்புகளை அளந்துதான் ஆக வேண்டும் என்றால், மனிதர்களைப் பெட்டிகளில் அடைக்காமல் ஐந்து பண்புகளைத் தொடர் அளவில் மதிப்பிடும் ஐங்காரணி மாதிரி இருக்கிறது. அணிக்குள்ளும் இதில் ஆபத்து உண்டு: "அவர் எட்டு, அப்படித்தான் கத்துவார்" என்ற பேச்சு ஒருமுறை பழகிவிட்டால், கத்துபவருக்கு அது அனுமதிச் சீட்டாகிவிடும். தம் வகையை வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டு, அமர்வில் எழுதிய குறிப்புகளைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைப்பது நல்ல நடைமுறை. மனிதவளத் துறையின் கோப்பில் அவற்றுக்கு வேலை இல்லை.