கோட்லினில் ஒரே வரி: எதைச் சுருக்கினோம்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஆண்ட்ராய்டு படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, கோட்லின் இருக்கும்போது ஜாவா எதுக்கு?" நியாயமான கேள்விதான். இரண்டும் செயலி எழுதும் மொழிகள்; இரண்டும் ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருளில்) ஓடுபவை. ஒன்றில் எழுதிய கிளாஸை (விபரங்களையும் செயல்களையும் சேர்த்துக் கட்டும் அச்சை) மற்றதிலிருந்து அழைக்கலாம். ஜாவா 1995இல் வந்தது. கோட்லின் 1.0 வெளியானது 2016இல். அடுத்த வருடமே ஆண்ட்ராய்டுக்கு அதைக் கூகுள் அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது.

நம்ம ஊர்க் கணக்கையே எடுப்போம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுவையைப் பதியும் ஒரு செயலி. செக்ரோல் (சம்பளப் பதிவேடு) எண், திகதி, கிலோ என்று மூன்றே விபரம். பழைய ஜாவாவில் கன்ஸ்ட்ரக்டர் (பதிவை உருவாக்குவது), கெட்டர்கள் (விபரத்தை எடுத்துத் தருபவை), ஈக்வல்ஸ் (இரண்டு பதிவும் ஒன்றா என்று பார்ப்பது), ஹாஷ்கோட் (பதிவைச் சீக்கிரம் தேட உதவும் எண்), டூஸ்ட்ரிங் (பதிவை எழுத்தாகக் காட்டுவது) எல்லாம் எழுதி முடிக்க நாற்பது வரி சாதாரணமாகப் போய்விடும். கோட்லினில் டேட்டா கிளாஸ் என்று ஒரே வரி எழுதினால் இவை எல்லாம் தானாக வரும்.

விரல் வலி மிச்சம் என்பதோடு இது முடியவில்லை. பிறகு ஒருநாள் "எந்த மலை" (தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பகுதி) என்ற நான்காவது விபரத்தைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். கையால் எழுதிய ஈக்வல்ஸில் அதைச் சேர்க்க மறந்தாலும் ஜாவா கம்பைலர் (கோடைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) வாய் திறக்காது. ஒருவர் ஒரே நாளில் இரண்டு மலையில் ஒரே எடை எடுத்திருந்தால், இரண்டும் ஒரே பதிவு என்று நினைத்து செட் (ஒரே பதிவை இருமுறை வைக்காத தொகுப்பு) ஒன்றைத் தள்ளிவிடும். டேட்டா கிளாஸில் கன்ஸ்ட்ரக்டரில் சேர்த்தாலே போதும். (கிளாஸின் உடம்புக்குள் எழுதினால் ஒப்பீட்டில் வராது, கவனம்.)

ஜாவாவும் சும்மா இருக்கவில்லை. 2021இல் வந்த ஜாவா 16இலிருந்து டேட்டா கிளாஸ் மாதிரியே ரெக்கார்ட் இருக்கிறது. அதுவும் ஒரு வரிதான். 2014இல் வந்த ஜாவா 8ஐ இன்றைய கோட்லினுக்குப் பக்கத்தில் நிறுத்தி வரி எண்ணுவது அழுகுணி ஆட்டம்.

சரி, சிக்கல் எங்கே? கோட் ரிவ்யூவில் (பிறர் எழுதிய கோடைச் சரிபார்க்கும்போது) நான் நிறுத்திக் கேட்கும் இடம், மதிப்பு இல்லாவிட்டால் வேறொன்றை எடுக்கச் சொல்லும் எல்விஸ் ஆபரேட்டர்: ஒரு கேள்விக்குறி, ஒரு முக்காற்புள்ளி, அவ்வளவுதான். கிலோ 'நல்' (மதிப்பே இல்லை) என்றால் பூச்சியம் என்று எடுத்துக்கொள் என எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கோட் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தராசு பழுதாகி நிறுவை பதியாத நாளும் பூச்சியம், கொழுந்தே எடுக்காத நாளும் பூச்சியம். குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர் (அரை நாள் கணக்கு) போடும் தோட்டத்தில், நாள் முழுக்க மலையில் நின்ற அம்மாவுக்கு இந்த இரண்டு குறியால் அரை நாள் சம்பளம் போகும். செயலி நின்றுபோயிருந்தாலாவது யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். ஜாவாவிலும் இதே தப்பைச் செய்யலாம்தான். அங்கே இஃப் எழுத உட்காரும்போது "உள்ளே என்ன போடுவது?" என்று ஒரு நொடியாவது யோசிக்க வேண்டியிருக்கும்.

ஈக்வல்ஸ் மாதிரி யார் எழுதினாலும் ஒன்றாகவே வரும் கோடை மொழியிடம் விட்டுவிடுங்கள். சம்பளத்தை மாற்றும் முடிவை அப்படி விடாதீர்கள். "நிறுத்தது", "நிறுக்கவில்லை" இரண்டையும் சீல்டு கிளாஸாக (இவைதான் வகைகள், வேறில்லை என்று மூடிவைக்கும் கிளாஸ்) பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளை வைக்கும் 'வென்' கொடுக்கும் விடையையே சம்பளமாக எடுத்தால், ஒரு கிளையை விட்டாலும் கம்பைலர் மறுத்துவிடும். கோட் பத்து வரி கூடும். "நிறுக்கவில்லை" என்ற கிளையில் என்ன போடுவது என்பதை நீங்களே தீர்மானிக்காமல் செக்ரோல் கிளார்க்கிடம் கேட்டு எழுதுங்கள்.