செம்பரம்பாக்கம் எத்தனை அடி?

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் சென்னைக்காரர்கள் காலையில் முதலில் தேடுவது செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தை. செய்தியில் முழு உயரம் 24 அடி என்பார்கள். நீர்வளத் துறையின் அட்டவணையில் அதுவே 85.40 அடி. இரண்டும் சரிதான். முதலாவது ஏரியின் அளவுகோலில் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவது, இரண்டாவது கடல் மட்டத்திலிருந்து எண்ணுவது.

நமக்கு இது புரிந்துவிடும். வெள்ளத்தை முன்கூட்டியே கணக்கிடும் கணினிக்குத்தான் தலைவலி. அந்தக் கணக்கு நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எவ்வளவு உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் சரியும் என்று பார்க்கிறது. சென்னையோ தட்டையான ஊர். உயரத்தில் அரை அடி பிசகினாலும் தண்ணீர் வேறு தெருவுக்குப் போய்விடும்.

இதற்கு வேண்டிய எண்கள் ஒரே இடத்தில் இல்லை. மழைக் கணிப்பு மத்திய அரசின் வானிலைத் துறையிடம். ஏரியும் மதகும் மாநில நீர்வளத் துறையிடம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். அடையாறு கடலில் சேரும் இடத்தில் அலை ஏறியிருந்தால் ஆற்றுநீர் வடியாது என்பதால் அலை அட்டவணையும் வேண்டும். அதன் பூஜ்ஜியமோ மூன்றாவது ரகம். கப்பல் தரைதட்டக் கூடாதே என்று, கடல் மிகவும் வற்றும் மட்டத்தை ஒட்டி வைத்தது அது.

உயரம் மட்டுமல்ல, நாளும் உதைக்கும். வானிலைத் துறைக்கு மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. இன்னொரு அலுவலகம் நள்ளிரவில் நாளை மாற்றினால், ஒரே இரவில் கொட்டிய மழை அங்கே இரண்டு நாளாகப் பிரிந்து கிடக்கும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அதாவது நொடிக்கு சுமார் 8 லட்சம் லிட்டர். அந்த வேகம் ஒரு முழு நாள் நீடித்தால் ஏரியின் 3,645 மில்லியன் கன அடியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. ஆனால் அடையாற்றில் ஓடியது ஏரி நீர் மட்டுமல்ல. தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் சேர்ந்தது. ஆகவே மாநகராட்சி தன் எல்லைக்குள் எத்தனை உணரிகள் நட்டாலும், ஆறு எல்லைக்கு வெளியே பெருகுவது அவற்றுக்குத் தெரியாது.

2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களிலும் சுவர் நிறையத் திரைகளோடு கட்டுப்பாட்டு மையங்கள் வந்துவிட்டன. திரை வாங்குவது சுலபம். திரைக்குப் பின்னால் எண்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

எச்சரிக்கை விஷயத்தில் இது நடந்திருக்கிறது. 2023-ல் அலைபேசிகள் திடீரென்று அலறிய சோதனை நினைவிருக்கும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் பயன்படுத்துவது ஒரு பன்னாட்டுத் தகவல் வடிவத்தை. என்ன ஆபத்து, எவ்வளவு அவசரம், எவ்வளவு உறுதி, வரைபடத்தில் எந்தப் பகுதி என்று அதில் தனித்தனிக் கட்டங்கள். எந்தத் துறை நிரப்பினாலும் அடுத்த முனையிலிருக்கும் கணினிக்கு ஒரே மாதிரிதான் போய்ச் சேரும்.

நீர்மட்டத்துக்கும் 'வாட்டர்எம்எல் 2.0' என்ற தகவல் வடிவம் 2012 முதல் இருக்கிறது. எண்ணோடு அலகு, நேரம் எல்லாம் சேர்ந்தே போகும். பூஜ்ஜியம் எங்கே என்று எழுதவும் அதில் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பிவிட்டால் 24 என்று அனுப்பினாலும் சரி, 85.40 என்று அனுப்பினாலும் சரி, கணினிக்கு அது ஒரே ஏரி.