டெல்டாவில் பச்சோந்தி வளர்ப்பு: சூட்டைக் குறையுங்கள், காற்றை விடுங்கள்

சிகிச்சைக்கு வரும் பச்சோந்தியைக் கையில் வாங்குவதற்கு முன் கூண்டின் படத்தைக் காட்டச் சொல்வது எங்கள் வழக்கம். கண்ணாடித் தொட்டி, மேலே ஒரு மஞ்சள் பல்பு, அடியில் தேங்காய் நார்த்தூள், இலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். இப்படி ஒரு படம் வந்தால் பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். வளர்ப்பவரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. இணையத்தில் படித்ததை வரி பிசகாமல் செய்திருப்பார். ஆனால் அந்தக் குறிப்புகள் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே ஹீட்டர் ஓடி அறைக் காற்று வறண்டுபோகும். அதனால் சூடு சேர், ஈரம் சேர் என்கிறார்கள். கும்பகோணத்தில் சித்திரை மாதத்து மதியம் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும். மயிலாடுதுறையில் ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. இங்கே சூட்டையும் ஈரத்தையும் கழிக்க வேண்டும். காற்றோட்டத்தையும் புற ஊதாக் கதிரையும் கூட்ட வேண்டும்.

அதற்கு முன் சட்டம். நம் ஊர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். வேலியில் கண்டதைப் பிடித்து வந்து வளர்ப்பது குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள். தொண்டை சிவக்கும் ஓணானையே பச்சோந்தி என்று சொல்பவர்கள் இங்கே நிறைய. விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல இருந்து, வால் சுருண்டு, கண்கள் தனித்தனியே சுழன்றால் அதுதான் பச்சோந்தி. செல்லப்பிராணியாக வளர்க்கப்படுபவை பெரும்பாலும் ஏமன் பகுதியின் வெய்ல்டு, மடகாஸ்கரின் பேந்தர் என்ற இரண்டு வெளிநாட்டு இனங்கள். இரண்டுமே வனவுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு, இவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும்போதே விற்பவரிடம் காகிதங்களைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இனி வரும் குறிப்புகள் இந்த இரண்டு இனங்களுக்கானவை.

காற்றும் தண்ணீரும்

வளர்ந்த வெய்ல்டுக்குக் கூண்டு குறைந்தது 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம். நான்கு பக்கமும் மேற்புறமும் வலை. கண்ணாடிக்குள் சூடான ஈரக்காற்று போக வழியில்லாமல் தேங்கும். தன் பிம்பத்தையே எதிரி என்று எண்ணி நாள் முழுக்கக் கறுத்துச் சீறுவதும் உண்டு. நாகை, வேதாரண்யம் பக்கம் வெறும் இரும்பு வலை உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். பிளாஸ்டிக் பூசிய வலை போடுங்கள். கொசுவலை மாதிரி மெல்லிய வலையில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். மேலிருந்து நெருங்குவது எதுவாக இருந்தாலும் அதற்குப் பருந்துதான். உச்சிக் கிளை நம் தலைக்கு மேலே இருந்தால் பாதிப் பயம் போய்விடும். அடியில் நார்த்தூளோ மணலோ வேண்டாம். பூச்சியோடு நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும்.

கிண்ணத்தில் நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அசையும் துளியைத்தான் குடிக்கும். அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய ட்ரிப் செட் ஒன்று போதும். ஊசியை எடுத்துவிட்டுக் குழாயை ஒரு பாட்டிலோடு பொருத்தி, முனையை மேல்வலையில் கட்டுங்கள். சக்கரத்தை உருட்டி வினாடிக்கு ஒரு துளி என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் சுமார் 100 மில்லி இறங்கும். துளி செம்பருத்தி இலையில் பட்டுத் தெறிக்கும்போது முதலில் ஒரு கண் மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். கொஞ்சம் கழித்து மற்றதும் திரும்பும். பிறகு காற்றில் ஆடும் இலை போல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து வந்து, வாயைத் துளிக்குக் கீழே கொடுத்து, தொண்டை ஏறி இறங்கக் குடிக்கும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். பக்கத்தில் நின்று பார்த்தால் குடிக்காது. வடிந்த நீரை அன்றே கொட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் கொசுப்புழு வந்துவிடும்.

இலைமேல் தண்ணீர் தெளிப்பது கோடையில் காலையும் மாலையும் இரண்டு நிமிடம். அடைமழைக் காலத்தில் காலை ஒரு முறை. மதியத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. காயவில்லை என்றால் தெளிப்பைக் குறைத்து, மேசை விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். கூண்டின் மீது நேராகக் காற்று அடிக்கக் கூடாது. கடலோர ஊர்களின் போர்த் தண்ணீர் இலையில் வெள்ளைப் பூச்சு விடும், தெளிப்பான் முனையை அடைக்கும், கண்ணையும் உறுத்தும். கொள்ளிடத்துத் தண்ணீர் வரும் ஊர் என்றால் குழாய் நீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம்.

எச்சத்தின் வெள்ளைப் பகுதி போதிய தண்ணீர் கிடைக்கிறதா என்று தினமும் சொல்லிவிடும். வெள்ளையாக இருந்தால் சரி. முழுக்க ஆரஞ்சு நிறமாகி, கண்கள் குழிவிழுந்திருந்தால் நீர் போதவில்லை.

வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. மதியம், பல்புக்கு அடியில், நிறம் வெளுத்து வாயைத் திறந்திருந்தால் சூடு. பல்பை அணைத்த அரை மணியில் மூடிக்கொள்ளும். விடியற்காலையிலும் வாய் திறந்திருந்தால், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு மூச்சிழுத்தால், மூச்சோடு சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டால், வாயோரம் குமிழ் வந்தால் அது நுரையீரல் தொற்று. ஒரு வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சளியை இருமித் துப்பப் பச்சோந்தியால் முடியாது, உள்ளேயே கட்டிப்போகும். அது இருக்கும் அறையில் கொசுவத்தியோ சாம்பிராணியோ ஏற்றவே கூடாது.

எவ்வளவு சூடு

வெய்ல்டு ஆணுக்கு வெயில் காயும் கிளையில் 30 முதல் 32 டிகிரி, பெண்ணுக்கு 27 முதல் 29, பேந்தருக்கு 29 அல்லது 30. கையை வைத்துப் பார்த்துச் சொல்லாமல், முனை வைத்த வெப்பமானியைக் கிளையில் கட்டி அளந்து பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் காலை சில மணி நேரம் 40 வாட் பல்பு எரிந்தால் போதும். சித்திரை, வைகாசியில் பல வீடுகளுக்குப் பல்பே தேவைப்படாது. இரவுச் சூடு இந்த மண்ணில் வேண்டவே வேண்டாம். பல்பைக் கூண்டுக்கு வெளியே, கிளையிலிருந்து 20 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். முதுகில் கறுப்புத் தழும்போடு வருபவை பல்பு தொங்கும் இடத்தில் மேல்வலையில் தலைகீழாய்த் தொற்றி நின்று சுட்டுக்கொண்டவை.

எலும்பு

கிளையைப் பிடித்திருக்கும் முன்னங்கையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நேர்கோடாக இருக்க வேண்டும். வில்லாக வளைந்து, நடுவில் இன்னொரு மூட்டு முளைத்தது போலத் தெரிந்தால் எலும்பு இளகிவிட்டது. இந்த நிலையில் நடக்கும்போது கிளையை விட்டுவிட்டுத் தன் காலையே பிடிக்கும். நாக்கு பூச்சி வரை எட்டாமல் பாதியில் தொங்கிவிடும். தாடையை விரலால் மெல்ல அழுத்தினால் ரப்பர் போலக் கொடுக்கும்.

290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள யு.வி.பி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடல் டி3 வைட்டமினை உண்டாக்கும். டி3 இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உறிஞ்சாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடல் எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். சாதாரண எல்.இ.டி. விளக்கு யு.வி.பி தராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலிலும் அது இருக்காது. சின்னச் சுருள் பல்பின் கதிர் ஓரிடத்தில்தான் விழும். ஊர்வனவற்றுக்கான நீளக் குழல் டி5 விளக்கு, 5 அல்லது 6 சதவீத யு.வி.பி வகை, பச்சோந்தியின் முதுகிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம். மாட்டிய தேதியைக் குழலின் மேலேயே எழுதி வையுங்கள். ஓராண்டில் வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் வற்றியிருக்கும்.

இதைவிட நல்லது நம் ஊர்க் காலை வெயில். குளிர்நாட்டில் வளர்ப்பவர்கள் ஏங்கும் செல்வம் இது; இங்கே பலர் பயன்படுத்துவதே இல்லை. வலைக்கூண்டில் வைத்து ஏழரை மணிக்கு மேல் அரை மணி நேரம் மாடியிலோ முற்றத்திலோ வையுங்கள். கூண்டின் பாதியில் நிழல் இருக்கட்டும். காக்கைக்கும் பூனைக்கும் காவலாக ஓர் ஆள் நிற்கட்டும். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். உள்ளே நிமிடங்களில் வெந்துபோகும்.

டி3 கலக்காத கால்சியம் பொடியை ஒவ்வொரு தீனிக்கும் பூச்சிமேல் விபூதி பூசினாற்போல மெல்லிசாகத் தூவுங்கள். டி3 கலந்தது மாதம் இரண்டு முறை, மல்டிவைட்டமின் பொடி மாதம் இரண்டு முறை. பிள்ளைகளுக்கு வாங்கிய கால்சியம் சிரப்பைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள டி3 மிகுந்தால் சிறுநீரகம் கெடும், கழுத்து வீங்கும். வளைந்த எலும்பு முழுதாக நிமிராது. ஆனால் மருத்துவரிடம் சீக்கிரம் வந்தால் வளைவது நிற்கும், பிடி திரும்ப வரும்.

வயல் பூச்சி வேண்டாம்

ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை நட்டால் வரப்பெல்லாம் வெட்டுக்கிளி. பிள்ளைகள் ஆசையாகப் பிடித்து வருவார்கள். ஆனால் குறுவையானாலும் சம்பாவானாலும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் மருந்தடிப்பு இருந்துகொண்டே இருக்கும். நெல்லை விட்டால் கோடைப் பருத்தி, அதிலும் மருந்து. மருந்து பட்டும் சாகாமல் துள்ளும் வெட்டுக்கிளியைத் தின்ற பச்சோந்திக்கு எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், பிறகு கிளையிலிருந்து விழும். பக்கத்து வயலில் இன்று அடித்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் போதாது. பூச்சி எங்கிருந்து பறந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மழைக்குப் பின் வரும் மின்மினியையும் போடாதீர்கள். அதன் உடலிலேயே நஞ்சு இருக்கலாம்.

சிள்வண்டை (கிரிக்கெட் பூச்சி) வீட்டிலேயே டப்பாவில் வளர்ப்பதுதான் பத்திரம். தீனியாகப் போடுவதற்கு ஒரு நாள் முன்பிருந்து அதற்கு முருங்கைக்கீரை, பூசணி, கேரட் கொடுங்கள். பூச்சி தின்றது பச்சோந்திக்குப் போய்ச் சேரும். பசலை வேண்டாம், கால்சியத்தைக் கட்டிப்போடும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தாறு பூச்சி. மிச்சப் பூச்சியை இரவில் கூண்டில் விட்டுவைத்தால் தூங்கும் பச்சோந்தியின் தோலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். எறும்புக்குக் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புப் பொடி தூவாதீர்கள். கூண்டுக்குள் செம்பருத்தி வையுங்கள், வெய்ல்டு அதன் பூவையும் தின்னும். அரளியும் எருக்கும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பெண் வெய்ல்டு வைத்திருப்பவர்களுக்கு

ஆண் இல்லாமலே பெண் வெய்ல்டு முட்டை வைக்கும். இது தெரியாததால் இறப்பவை அதிகம். வயிறு புடைத்து, தீனி குறைந்து, கூண்டின் அடியில் அலைந்து தரையைப் பிறாண்டினால் முட்டைக்கு இடம் தேடுகிறது. ஒரு வாளியில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணலை ஈரமாக நிரப்புங்கள். உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. கூண்டைத் துணியால் மறைத்துவிடுங்கள். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் விட்டுவிடும். தோண்டி ஓய்ந்தும் முட்டை வராமல், பகலில் கண்மூடிக் கிடந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மின்சாரம் போனால்

2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நன்றாக வளர்ந்த பச்சோந்திக்குச் சில நாள் யு.வி.பி இல்லாதது பெரிய கேடில்லை. மழை விட்டதும் வெயில் காட்டினால் போதும். ட்ரிப் செட்டுக்கு மின்சாரமே தேவையில்லை. ஈரக் காற்று தேங்குவதுதான் அந்த நாட்களின் ஆபத்து. மழைக்குப் பயந்து கூண்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது

பகலில் கண்ணை மூடியிருப்பது, கிளையை விட்டு அடியில் படுத்திருப்பது, ஒரு கண் வீங்கியிருப்பது, எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. எடையை வாரம் ஒரு முறை சமையலறை எலக்ட்ரானிக் தராசில் பார்த்து எழுதி வந்தால் நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே எண்ணில் தெரியும். மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது, கண்ணில் தாய்ப்பால் விடுவது, வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கானாலும் தனியார் மருத்துவரானாலும், பச்சோந்தி பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கையில் கூண்டின் படம், விளக்கு அட்டையின் படம், பொடி டப்பாக்கள், எடைக் குறிப்பு, அன்றைய எச்சம் ஒரு மூடிய டப்பாவில். பச்சோந்தியைக் கிளையிலிருந்து பிடுங்கி இழுக்காதீர்கள், இளகிய எலும்பு முறியும். கிளையோடு சேர்த்து வெட்டி எடுங்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் அந்தக் கிளையைக் குறுக்கே இறுக்கிப் பொருத்தி மூடுங்கள். இருட்டில் அமைதியாக இருக்கும். பைக்கில் முன்னால் வைத்துக் காற்றடிக்கக் கொண்டு போகாதீர்கள். பஸ்ஸில் என்ஜின் பக்கம் உட்காராமல் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், முக்கியமாகக் குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.